ஏழாவது கட்டம்

படிவத்தில் ஏழாவது கட்டம் சின்னன்.
"தவறு நேர்ந்தமைக்கான காரணம்."
ஒரு கோடு. கோட்டுக்கு மேல்
தீப்பெட்டி அகலத்தில் வெள்ளை.

குருநகர் ஐஸ் ஆலையின் மேல்மாடி அறை.
கீழே யந்திரம் இரைய
என் தேத்தண்ணி வளையம் வளையமாய் நடுங்குகிறது.
பதினான்கு மாதச் சம்பளப் பட்டியல்
நாடாவால் கட்டி, அவிழ்த்து,
திரும்பக் கட்டிக் கிடக்கிறது.

பிழை இதுதான்:
மேலதிக நேரக் காசுக்குச்
சேமலாப நிதி பிடிக்கத் தேவையில்லை.
நான் பிடித்தேன்.
முன்னிருந்த கிளாக்கர் கனடாவுக்குப் போன கிழமை
அவர் விட்டுப்போன கணினித் தாளில்
ஒரு நிரலைக் கூட்டலுக்குள் இழுத்துவிட்டேன்.
விரல் ஒருக்கால்தான் வழுக்கினது.
பிறகு மாதா மாதம்
கணினி என் வழுக்கலை
மனப்பாடமாய் ஒப்புவித்தது.

இரவில் நிற்கிறவர் ஒருவர்தான்,
செபஸ்தியாம்பிள்ளை றெஜினோல்ட்.
அவரிடம் கூடுதலாய் வெட்டியது
எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது.
முதலாளி அதற்கு மேல் போட்டது
பன்னீராயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது.
அந்தப் பன்னீராயிரம்
முதலாளியின் வருமான வரிக் கணக்கில்
செலவென்று ஏறி உட்கார்ந்து
காலையும் நீட்டிவிட்டது.
இனி அதையும் எழுப்பவேணும்:
திருத்திய வரித்திரட்டு, விட்ட வரி, அதற்குத் தண்டம்.

"காசு பெரிசில்லை, பிள்ளை" என்றார் முதலாளி.
"கடிதம் வந்தால்தான் பெரிசு."

றெஜினோல்ட் கொழுக்கியைக் கதவில் சாத்திவிட்டு வந்தார்.
ஈரக் கை. விரலை மடக்கினார், நீட்டினார்.
நான் சொல்லி முடிக்க முன்னம் அவர் கணக்கு முடிந்தது.
"எட்டைக் கையில தாறியள்.
பன்னிரண்டைத் திருப்பி எடுக்கிறியள்.
அப்ப தங்கச்சி,
திருத்தினா நட்டம் ஆருக்கு?"

நான் பென்சிலைப் பார்த்தேன்.

"மகளுக்கும் தெரியாமல் கிடந்த காசு.
எனக்கே தெரியாமல் கிடந்தது.
அதாலதான் கிடந்தது."

ஐம்பது கிலோ என்று எழுதி அனுப்புகிறோம்,
மயிலிட்டி போய்ச் சேர நாற்பத்தாறு.
வழியில் போன நாலு கிலோவுக்கு
இன்றுவரை ஒருவரும் படிவம் கேட்டதில்லை.
றோட்டில் ஓர் ஈரக்கோடு,
பத்து மணி வெயிலில் அதுவும் இல்லை.
காசு அப்படியில்லை.
பிழையான இடத்தில் கிடந்தாலும்
வட்டி போட்டுக்கொண்டு கிடக்கும்.

தொழில் கந்தோருக்கு மூன்று தரம் போனேன்.
முதல் நாள் உத்தியோகத்தர் லீவு.
அடுத்த தரம், றெஜினோல்ட்டின் அடையாள அட்டை இலக்கத்தில்
கடைசி 'வீ' விடுபட்டிருந்தது.
பிறகு எல்லாம் சரி:
மாதத்துக்கொரு படிவம், மும்மூன்று பிரதி,
சமாதான நீதவானின் சாய்ந்த கையொப்பம்.
"ஏழு ஏன் வெறுமை?"

உண்மை நீளம்.
ஐந்தாம் மாதமே கண்டுவிட்டேன்.
கரண்ட் போய், திரும்பி வந்து,
திரை வெளிச்சமான நேரம்
அந்த நிரல் அங்கே நின்றது,
வேறு வீட்டுக் கலியாணத்தில் சாப்பிட உட்கார்ந்த ஆள் மாதிரி.
அடுத்த மாதம் பார்ப்பம் என்றேன்.
என் வேலை நிரந்தரமாக அப்போது
ஒரு கிழமைதான் இருந்தது.
நிரந்தரமான பிறகு சொல்ல வெட்கம்.
வெட்கம் ஒன்பது மாதம் ஓடியது.
அதற்குப் பிடிப்பது
எட்டு வீதமா, பன்னிரண்டா?

உத்தியோகத்தர் பேனையை நீட்டினார்.
"தவறுதலாக எண்டு போடுங்கோ.
எல்லாரும் அதுதான் போடுறவை."

போட்டேன்.
தீப்பெட்டியில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.
எழுத்தைச் சின்னனாக்கிச் சேர்த்தேன்:
"முதல் ஐந்து மாதம்."

அவர் வாசிக்காமல் முத்திரை குத்தினார்.

மாதக் கடைசி. றெஜினோல்ட்
உறைக்குள் விரல் விட்டு எண்ணினார்.
"கூடக் கிடக்கு" என்றார்,
ஏதோ குறைந்து கிடக்கிற குரலில்.